‘பாதுகாக்கப்பட்ட’ எண்டால் யாரால்?

சக மதிப்பாய்வு எண்டு அதுக்கொரு மரியாதையான பேர் வைத்திருக்கிறார்கள். மற்றவர் எழுதியதை வரிவரியாக வாசித்து, "இதுக்கு ஆதாரம் எங்க?", "இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" எண்டு கேட்டு, அந்த மனிசனை நித்திரை கொள்ள விடாமல் செய்வதுதான் வேலை. தமிழ் விக்கிப்பீடியாவுக்காக எங்கள் பீடத்து நண்பர் ஒருவர் ‘இலங்கையில் பாதுகாக்கப்பட்ட பழைய தேவாலயங்களின் பட்டியல்’ ஒன்றைத் தொகுத்திருந்தார். ஏற்றுவதற்கு முதல் நாங்கள் ஐந்து பேர் வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். கோமாரியில், எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில், இரண்டு நாள் அது நடந்தது. மூன்று பேர் முஸ்லிம், இரண்டு பேர் தமிழர், அதில் ஒருத்தி மட்டும் கிறிஸ்தவள். எல்லாருமே பொத்துவிலுக்கும் கல்முனைக்கும் இடையில் பிறந்த ஆட்கள்.

நண்பர் மாதிரிக்கு எடுத்தது ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கிற இங்கிலாந்துப் பட்டியல்களை. அங்கே ‘சேர்ச்சஸ் கொன்சர்வேஷன் டிரஸ்ட்’ எண்டொரு அமைப்பு இருக்கிறது. 1969 இல் தொடங்கும்போது அதன் பேரே ‘தேவையற்றுப்போன தேவாலயங்களின் நிதியம்’ எண்ட மாதிரித்தான். சனம் வராமல் போன சேர்ச்சுகளை எடுத்து, கூரை ஒழுகாமல், சுவர் விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. 1971 இல் முதலாவதைப் பொறுப்பெடுத்தார்கள்; இன்றைக்கு 350 க்கு மேல். பிராந்தியம் பிராந்தியமாகப் பட்டியல்: பேர், இடம், படம், காலம், குறிப்பு, கட்டடத்தின் தரம். அழகான பட்டியல்கள், பொய் சொல்லக்கூடாது. சிலதில் காசு கட்டி இரவில் படுக்கவும் விடுகிறார்கள். விறாந்தையில் இதை வாசித்துக் காட்டினதும் வீட்டு அம்மம்மா, "சேர்ச்சுக்குள்ள படுக்கிறதுக்குக் காசா? சுனாமிக்குப் பிறகு நாங்க சும்மாதான் படுத்த" எண்டா.

அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் பட்டியலை நாங்கள் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினோம் எண்டு நினைக்கிறோம்.

இங்கிலாந்துக்காரர் ‘பாதுகாக்கப்பட்ட’ எண்டு சொல்லும்போது அதுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. சனம் போய்விட்டது, கட்டடம் மிஞ்சியிருக்கிறது. எங்கட கரையில் நடந்தது இதுக்கு நேர்மாறு. 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கோமாரியும் அடிபட்ட ஊர்தான். எங்களில் சிலர் அப்ப கைக்குழந்தை, மற்ற ஆட்கள் பிறக்கவேயில்லை. இந்தக் கரையில் கட்டடங்கள் போய்விட்டன. மிஞ்சின சனம் புதுச் சீமெந்தில், புது ஓட்டில் திருப்பிக் கட்டி, பழைய இடத்திலோ கொஞ்சம் உள்ளுக்கோ ஆராதனையைத் தொடர்ந்தது. ஒரு தேவாலயம் உயிரோட இருக்கிறதாலேயே அது பழசாக இருக்க முடியவில்லை. பட்டியலின் நிபந்தனைப்படி இப்படியானதெல்லாம் வெளியில்.

கொழும்பு வுல்வெண்டால், காலி ஒல்லாந்த சேர்ச் இரண்டிலும் எங்களுக்குப் பிரச்சினை இருக்கவில்லை. ஒன்று 1757, மற்றது 1755, இரண்டிலும் இன்றைக்கும் ஆராதனை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த 1706 ஆம் ஆண்டு ஒல்லாந்த சேர்ச் போரில் இடிந்துபோனது. கோட்டை பாதுகாக்கப்பட்ட இடம் எண்டதால் அதுவும் பட்டியலில் இருக்கிறது. கற்குவியல் ‘பாதுகாக்கப்பட்டது’ ஆகலாம், ஞாயிற்றுக்கிழமை சனம் நிரம்பி வழியிற சேர்ச் ஆகாது. இதை எழுதி, கீழே ‘விளக்கவும்’ எண்டு போட்டோம்.

பிறகு வந்த கேள்விதான் பெரிசு. யார் பாதுகாத்தது? நண்பரின் விடை நேரானது: தொல்பொருள் திணைக்களம், வர்த்தமானியில் அறிவிப்பு. சரி எண்டு 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் ‘புராதன நினைவுச்சின்னம்’ எண்டால் 1815 மார்ச் 2 க்கு முந்தியது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதுக்குப் பிந்தியதெல்லாம் தனியாக அறிவித்தால்தான் உண்டு.

இனி இந்தக் கரைக்கு வாருங்கள். மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வந்து இறங்கியது 1814 இல். அவர்களில் வில்லியம் ஓல்ட் எண்டவர் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்தார், பள்ளிக்கூடங்கள் தொடங்கினார், ஒரு வருசம் முடிய முதல், 1815 ஏப்ரலில், அங்கேயே செத்துப்போனார். சட்டம் கோடு கீறிய நாளுக்கு ஒரு மாதம் கழித்து. எண்டால், அவருக்குப் பின் வந்தவர்கள் இங்கே எழுப்பிய சேர்ச்சும் பள்ளிக்கூடமும் கோட்டுக்கு அங்கால் பக்கம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் பாடசாலைப் பலகைகளில் இன்றும் ‘மெதடிஸ்த மிஷன்’ எண்ட சொல்லைப் பார்க்கலாம். 1960, 61 இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தது, பேர் மட்டும் போகவில்லை. எங்களில் முஸ்லிம் நண்பர்களின் வாப்பாமார், உம்மாமார் சிலரும் அந்தப் பேருள்ள பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். ஒரு நாடு தன்னுடைய ‘பழசு’ எங்கே முடிகிறது எண்டதைக் கண்டி அரசன் விழுந்த கணக்கில் தீர்மானித்தால், கடற்கரை ஊர்களின் பழசுக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டந்தான்.

இன்னொன்று, இது சின்ன விசயம், ஆனால் எங்கள் புவியியல் நண்பி கண்டுபிடித்ததில் எங்களுக்குப் பெருமை. பட்டியல் மாவட்டவாரியாக இருந்தது. அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961 இல். அதுக்கு முதல் கல்முனையும் பொத்துவிலும் கோமாரியும் மட்டக்களப்பு மாவட்டம். 1921 இல் கனகரத்தினம் எழுதிய மட்டக்களப்பு மாவட்டக் கைந்நூலில் இந்தத் தெற்குக் கரையும் அடக்கம். ‘அம்பாறை’ எண்டு தேடினால் பழைய ஆவணங்களில் ஒண்டும் வராது, வராதுதானே! நண்பரின் பட்டியல் பெரியகல்லாறு தாண்டினதும் நின்றுபோனதுக்கு இதுவும் காரணம். யாழ்ப்பாணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பல்தேயுஸ் எண்ட ஒல்லாந்துப் பாதிரியார் 1672 இலேயே அங்கத்தைத் தேவாலயங்களைப் படத்தோட புத்தகமாகப் போட்டுவிட்டார். படம் கீறினவன் போன ஊருக்குத்தான் பட்டியலில் நல்ல இடம்.

தலைப்பிலும் ஒரு சிக்கல். அரச ஆவணங்களில் ‘தேவாலயம்’ எண்டு சிங்கள தேவாலயங்களையும் சொல்வார்கள், கதிர்காமத்தையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கத்தோலிக்கர் ‘மாதா கோயில்’ எண்பார்கள். மெதடிஸ்தக்காரர் வாயில் ‘சேர்ச்’. ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் மற்றது அகப்படாது. மூன்றையும் முன்னுரையில் சொல்லும்படி எழுதினோம்.

இரண்டாம் நாள் பின்னேரம், தேத்தண்ணியோட, கதை வேறு பக்கம் போனது. கல்முனை நண்பன் சொன்னான்: "எங்கட பள்ளியும் இதே கததான் மச்சான். பழைய தூணெல்லாம் நல்ல வடிவா இருந்ததாம், ஒடச்சிப்போட்டு ரெண்டு மாடி கட்டின. ஆக்கள் கூடிட்டாங்க, என்ன செய்ற?" அவனுக்கு அதில் கவலையும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வருசா வருசம் கூடுகிற சனத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்: பழமை அங்கே சுவரில் இல்லை.

ஆனால் பொத்துவில் நண்பன் எதிர்ப்பக்கம். "பாதுகாக்கப்பட்ட எண்ட சொல்லே வேணாம். எங்கட ஊரில அந்தச் சொல் வந்தா பின்னால எல்லைக்கல் வரும்." அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. முகுது மகா விகாரைக் காணிப் பிரச்சினை அவன் ஊர்ப் பிரச்சினை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென ஜனாதிபதி செயலணி நியமித்தபோது, முதலில் நியமிக்கப்பட்ட ஆட்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லாவிட்டால் மறந்துபோவார்கள், இருந்தால் காணி போகுமோ எண்ட பயம். இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. எங்களில் மூன்று பேர், பயப்படுவதால்தான் நாங்களே எழுத வேண்டும் எண்டோம். அவன் கடைசிவரைக்கும் தலையாட்டவில்லை.

கருத்துகளைச் சேர்த்து அனுப்பினோம். தலைப்பை ‘பழைய தேவாலயங்கள்’ எண்டு மாற்ற வேண்டும், ‘பராமரிப்பது யார்’ எண்டு ஒரு நிரல் வேண்டும், அதில் திணைக்களம், மறைமாவட்டம், சபை, ஊர்ச் சனம் எல்லாம் வரலாம், ‘இடம் மாறியது’, ‘திருப்பிக் கட்டியது’ எண்டதை ஒளிக்காமல் குறிப்பில் எழுத வேண்டும். நண்பர் இவற்றை ஏற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் மறுத்தார். அம்மம்மா சொன்னதை ஆதாரமாகப் போட ஏலாது. அச்சில் வந்தது வேணும். "கொண்டாங்க, வரி போடுறன்" எண்டு பதில். கடுப்பு வந்தாலும், அவர் சொல்வது விக்கிப்பீடியாவின் விதி. ஞானஸ்நானப் பதிவேடு காட்டினாலும் சரிவராது, அது வெளியிடப்பட்ட நூல் இல்லை. சேர்ச்சுகளின் நூற்றாண்டு மலர்கள்தான் ஒரே வழி. நூலகம் இணையத்தளத்தில் இரண்டு இரவாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று அம்மம்மா அழைப்பெடுத்தா. அவவுக்குத் தெரிந்த ஒரு ஆச்சியிடம் அப்படியொரு மலர் இருக்குதாம், தகரப் பெட்டிக்குள், சுனாமித் தண்ணி பட்டுக் காய்ந்தது. ஞாயிறு ஆராதனை முடிய வரட்டாம். முன்பக்கங்கள் கிழிஞ்சு போச்சாம். அப்படியெண்டால் வெளியீட்டு ஆண்டை எங்கே பார்ப்பது எண்டு இப்பவே எங்களுக்குள் சண்டை.