ஆவியும் புகையும்

புகை கண்டவிடத்து நெருப்பு உண்டெனத் துணிதல் அளவை நூலார் பலரும் எடுத்தாளும் சான்றாகும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் உரைக்குமிடத்தும் இச்சான்றே வருகின்றது. ஆயின் அடிகள் அவ்வளவில் நில்லாது, ஏதுவின் குற்றங்களை வகுக்குங்கால், கண்ணிற் படுவது ஆவியோ பனியோ என்னும் ஐயம் நீங்கா நிலையிலேயே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிதலும் குற்றமே என்று காட்டுகின்றார். இப்பகுதியை நடத்தும்போது மாணவர் கண்கள் சாளரத்தை நாடுதல் வழக்கம்; அவர்களைக் குறை கூறுதற்கில்லை. இக்குற்றம் எத்துணைப் பொருட்செலவை விளைவிக்கும் என்பதை யாம் நேரிற் கண்டது கம்பத்தில் ஒரு வண்டிப் பட்டறையிலேயாம்.

எம் தமையனார் பிக்கப் வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையையும் காய்கறியையும் லோயர்கேம்ப் வழியே மலையேற்றிக் குமுளிக்கு அப்பால் கேரளத்துச் சந்தைகளில் சேர்ப்பவர். 2023 டிசம்பரில் அவ்வண்டியின் சைலன்சர் வெள்ளையாகப் புகையத் தொடங்கியது. முதலில் வைகறையில் மட்டும். டீசல் எரியுங்காலே நீராவியும் பிறக்கும். பனிக்காலத்தில் அது வெளிப்போந்து குளிர்ந்து வெள்ளையாய்த் தோன்றிச் சின்னேரத்தில் மறையும். ஆதலின் அவர் பொருட்படுத்தவில்லை. பின்னர் உச்சி வெயிலில் மலையேறும்போதும் வெள்ளை தொடர்ந்தது.

ஒரு பட்டறையில் இன்ஜெக்டர் நாசில் நான்கையும் மாற்றினர். புகை மாறவில்லை. மற்றொரு பட்டறையில் வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்துவிட்டு, இன்ஜினையே இறக்க வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை தமையனாரின் மூன்று மாதத் தவணையினும் மிகுதி. திராட்சையோ காத்திருக்கும் சரக்கன்று. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடும் எண்ணத்தில் அவர் தரகர் ஒருவரிடம் பேசியும்விட்டார். அந்நிலையில், முதியவர் ஒருவரது சிறு பட்டறைக்கு அவரை அழைத்துச் சென்றோம்.

அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. "எத்தனை நாளுக்கு ஒருக்கா தண்ணி ஊத்துறீங்க, பாய்?" என்பதே முதற் கேள்வி. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார் தமையனார். முன்னைய இரு பட்டறைகளிலும் இதனை எவரும் கேட்டிலர். கேளாததால் இவரும் சொல்லவில்லை.

பின்னர் எம்மைச் சைலன்சரின் அருகே அழைத்து, "கண்ணு எரியுதா, சார்?" என்றார். எரியவில்லை. எரியாத டீசல் வெளிவரின் கண் கரிக்கும். டீசல் நாற்றம் மூக்கைத் துளைக்கும். வெண்மை காற்றிலேயே நெடுநேரம் தங்கும். நாசில் பழுதும் டீசல் பாயும் காலப் பிசகும் இவ்வகையின. எம்முன் எழுந்ததோ சற்றே இனிப்பு மணம் கொண்டு விரைவில் கரைந்தது. அது புகையன்று, ஆவி. கருமையாயின் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி, நீலமாயின் எரியும் ஆயில் எனப் பிறவற்றையும் சொல்லி வைத்தார்.

நீர் எவ்வழியே உட்புகுகின்றது என்பது அடுத்த வினா. இன்ஜின் நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். சூட்டில் திறப்பின் கொதிநீர் முகத்திற் பாயும். இன்ஜினை ஓடவிட, நீரில் குமிழிகள் இடையறாது எழுந்தன. அவ்வாவியை ஒரு குப்பியின் நீலத் திரவத்தினூடே செலுத்த, நீலம் மஞ்சளாயிற்று. எரிந்த வாயு நீர்ப்பாதையிற் கலக்கின்றது என்பதற்கு அது சான்று. ஈ.ஜி.ஆர். கூலர் ஒழுகினாலும் இதே வெண்மை தோன்றுமாகலின், அதனையும் கழற்றிச் சோதித்து ஒதுக்கினார். ஆயில் பால்போல் வெளுக்காதது கண்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. ஹெட்டைக் கழற்றினாற் போதும், இன்ஜினை இறக்க வேண்டுவதில்லை என்றார்.

ஹெட் கழன்றது. மூன்று பிஸ்டன்களின் தலையில் கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் துலக்கிய பாத்திரம்போல் இருந்தது. ஆவி கழுவிய தூய்மை அது! அதற்கு நேரே கேஸ்கட் அரித்திருந்தது. ஹெட்டின்மேல் நேர்ச்சட்டம் வைத்து, அடியில் மெல்லிய தகடு நுழையும் இடங்களை எமக்குக் காட்டினார். அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்புப் பிளாக்கும் சூட்டில் ஒரே அளவாய் விரிவதில்லை. சூடு எல்லை மீறின் ஹெட் வளைந்துவிடும். தேனி லேத் பட்டறையில் விரிசல் இல்லையென உறுதி செய்து, பரப்பைச் சீவிச் சமன் செய்து வந்தோம். புதிய கேஸ்கட்டை வைத்து, போல்ட்டுகளை நடுவினின்று ஓரம் நோக்கி, ஒரே மூச்சில் அன்றிப் படிப்படியாய், டார்க் ரெஞ்சு கொண்டு முடுக்கினார்.

வேலை முடிந்ததென்று தமையனார் சாவிக்குக் கை நீட்டினார். முதியவர் தரவில்லை. சூடு ஏறியது ஏன் என்று காணாமல் வண்டியை விட்டால் புதிய கேஸ்கட்டும் போய்விடும் என்றார். போர்க் கிணற்று நீரை நெடுநாள் ஊற்றியதால் ரேடியேட்டர்க் குழல்கள் உப்புப் படிந்து பாதிக்குமேல் அடைபட்டிருந்தன. தெர்மோஸ்டாட்டும் முழுதும் திறக்கவில்லை. நோயைவிட நோய்முதலுக்கு அவர் செலவிட்ட பொழுதே மிகுதி. அவற்றைச் சீர்செய்து, கூலண்ட்டையும் வடிநீரையும் சரிபாதி கலந்து நிரப்பினார். இத்தனைக்கும் அவர் கேட்ட கூலி முன்னைய பட்டறையார் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கே.

வண்டியை உயிர்ப்பித்தபோது மீண்டும் வெள்ளையே வந்தது. தமையனார் எம்மை நோக்கினார். யாம் முதியவரை நோக்கினோம்.

"சைலன்சர்ல தங்குன தண்ணி, பாய். காயட்டும்" என்று கூறிவிட்டு அவர் தேநீர் பருகச் சென்றார். அரைமணி நேரத்தில் வெண்மை மெலிந்து மறைந்தது. மறுநாள் முழுச் சுமையுடன் குமுளி ஏறி இறங்கி, இன்ஜின் ஆறிய பின் கூலண்ட் டப்பாவைப் பார்த்தோம். நீர்மட்டம் கோட்டிலேயே நின்றது.