பெட்டியின் மேலிருந்த எண்

ஐம்பதைக் கடந்த ஆசிரியனுக்குச் செவி மந்தமாகுமோ என்னும் அச்சம் இயல்பு. அரபெழுத்துகளின் ஒலி வேறுபாட்டைக் கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்ட நமக்கு அவ்வச்சம் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

மாணவர்கள் கைபேசியில் ஓதியனுப்பும் பாடங்களைக் காரில் செல்கையில் கேட்டுத் திருத்துவது நம் வழக்கம். ஒருநாள், ஒரு மாணவனின் பதிவில் 'ஸே'யும் 'ஸீனு'ம் ஒன்றுபோலவே ஒலித்தன. மறுநாள் வகுப்பில் பலரறிய அவனைக் கடிந்துகொண்டோம். பிறகு நேரில் ஓதச் சொன்னோம். இரண்டெழுத்தும் பழுதின்றி வந்தன. கண்டிப்பின் பலன் என்று மகிழ்ந்தோமேயன்றி, நம் கேள்வியை நாம் ஐயுறவில்லை. அடுத்த வாரம் வேறிருவர் பதிவிலும் அதே மயக்கம் நேர்ந்தபோதுதான் நெஞ்சு துணுக்குற்றது.

நம் மகன் காரில் அமர்ந்து கேட்டான். "அத்தா, உங்க காதுக்கு ஒண்ணுமில்லை. ஸ்பீக்கர்தான் போச்சு" என்றான்.

'ஸீன்' போன்ற சீழ்க்கையொலிகளின் வலிமை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே உள்ளது. நம் காரின் கதவிலிருந்த பழைய காகிதக் கூம்புக்கு அவ்வுயரம் எட்டவில்லை. இவ்வேலையைப் பங்கிட்டுச் செய்வதே காம்பொனென்ட் ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலிக்குக் கதவில் வூஃபர். உயர்ந்த ஒலிக்கு முன்கண்ணாடியருகே டுவீட்டர். வரும் ஒலியைப் பிரித்து அததற்குரியதை அனுப்ப கிராஸோவர்.

திருச்சியில் ஒரு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் இரு பெட்டிகளை வைத்தார். ஒன்றின் மேல் 350 வாட் என்றும், மற்றதில் 180 வாட் என்றும் கொட்டை எழுத்தில் கண்டிருந்தது. நம் கை பெரிய எண்ணை நோக்கியே நீண்டது. "சின்ன எழுத்தையும் படிங்கத்தா" என்றான் மகன். கண்ணாடியை அணிந்து பார்த்தோம். முதற்பெட்டியின் ஆர்.எம்.எஸ். அளவு 50 வாட். இரண்டாவதன் அளவு 60!

கொட்டை எழுத்திலிருப்பது, கணப்பொழுது மட்டும் தாங்கக்கூடிய உச்சம். ஆர்.எம்.எஸ். என்பதோ இடைவிடாது தாங்கும் அளவு. அன்றியும், ஸ்பீக்கர் வாட்டைத் தருவதன்று, தாங்குவது. தருவது ரேடியோவோ ஆம்ப்ளிஃபயரோதான். கார் ரேடியோவின் முகப்பில் '50 வாட், நான்கு வழி' என்றிருந்தாலும், சுமார் 14 வோல்ட் மின்சாரத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது தெளிவாகத் தருவது ஏறத்தாழ 20 வாட்டே. அதை மீறித் திருகினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, மெல்லிய டுவீட்டர் எரிந்துபோகவும் கூடும்.

குறைந்த வாட்டில் ஒலி ஓங்க வேண்டுமெனில் பார்க்கவேண்டியது சென்சிடிவிட்டி என்னும் மற்றோர் எண். முதற்பெட்டியில் அது 88 டெசிபல், இரண்டாவதில் 91. வேறுபாடு மூன்றுதானே என எண்ணற்க. முன்னது 40 வாட்டில் எழுப்பும் ஒலியைப் பின்னது 20 வாட்டிலேயே எழுப்பிவிடும். 180 வாட் பெட்டியையே வாங்கினோம்.

கடைக்காரரைக் குறைகூற நாவெழவில்லை. எல்லா எண்களும் பெட்டியில் அச்சாகித்தான் இருந்தன. சிறியதைப் படிக்க முனையாதவர் நாமே.

ஸ்பீக்கர் பொருத்தியதும் முதலில் கேட்டது அம்மாணவனின் பழைய பதிவைத்தான். 'ஸே' வேறாகவும் 'ஸீன்' வேறாகவும் துலங்கின. அவன் அன்றும் சரியாகவே ஓதியிருக்கிறான். வண்டியை ஓரமாக நிறுத்தி மும்முறை கேட்டோம்.

பலரறியக் கடிந்ததற்குத் தனியே வருந்துவது போதாது. மறுநாள் அதே வகுப்பில், அதே மாணவர்கள் முன்னிலையில், "பிழை உன் நாவிலன்று, நாம் கேட்ட கருவியில்" என்று கூறி மன்னிப்புக் கோரினோம். பிள்ளை தலைகுனிந்து சிரித்தான். இப்போதெல்லாம் பதிவில் பிழை கேட்டால், நேரில் ஒருமுறை ஓதக் கேட்காமல் எவரையும் நாம் கடிவதில்லை.