ராம்பூருக்குச் சென்ற பேனாக்கத்தி

பேனாவும் பேனாக்கத்தியும் இல்லாமல் நான் பார்சல் ஆபீசுக்குப் புறப்பட்ட நாள் கிடையாது. கத்தி என்றதும் அன்பர்கள் அஞ்ச வேண்டாம். அலகு இரண்டரை அங்குலந்தான். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூட்டையின் சணல் கயிற்றை அறுக்கவும், பென்சில் சீவவும், நண்பகலில் ஒரு கொய்யாப்பழத்தை நால்வருக்குப் பங்கிடவும் அது உதவி வருகிறது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், வேலை உத்தரவு கிடைத்து நான் திருநெல்வேலியிலிருந்து டில்லிக்கு ரயிலேறிய அன்று என் தந்தையார் அதை எனக்குத் தந்தார். கூரிய பொருளைக் கையோடு கையாகக் கொடுத்தால் உறவு அறுபடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஆதலால் அதைத் திண்ணைமேல் வைத்து, “எடுத்துக்கொள்” என்று மட்டும் சொன்னார். இன்று அவர் இல்லை, கத்தி இருக்கிறது.

சென்ற தை மாதத்தில் அதன் ஆணி தேய்ந்து அலகு ஆடத் தொடங்கிற்று. சாணை பிடிப்பவர் இருவரிடம் காட்டினேன். “இதைச் சீர்செய்யும் கூலியில் புதிதாக இரண்டு வாங்கலாம்” என்று இருவரும் கையை விரித்தனர். மொராதாபாத்தைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர்தாம், “ராம்பூருக்கு எடுத்துச் செல்லுங்கள்” என்று வழி சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவிக்கு முகம் மாறியது. “கத்திக்காகவா ராம்பூர் போகிறீர்கள்? யாராவது கேட்டால் என்ன சொல்வது?” என்றாள். அவள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. பழைய இந்திப் படங்களில் வில்லன் கையில் பளிச்சென்று விரியும் நீண்ட மடக்குக்கத்திக்கு ‘ராம்பூரி’ என்றே பெயர். 1965இல் வெளிவந்த ‘வக்த்’ படத்தில் ராஜ்குமார் கத்தியைப் பற்றிப் பேசும் வசனத்தை வடநாட்டார் இன்றும் சொல்லிக் காட்டுவர். திரையில் பெற்ற பெயர் ஊரின் மேலும் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் புறப்பட்டேன். பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன மொராதாபாத்தைக் கடந்து கிழக்கே சிறிது தூரம் சென்றால் ராம்பூர். 1774இல் நவாப் பைசுல்லாகான் நிறுவிய சமஸ்தானம் இது. 1949இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. ஊரின் நாற்சந்தி ஒன்றில் சுமார் இருபது அடி நீளமுள்ள மாபெரும் கத்தி ஒன்று வானை நோக்கி நிற்கிறது. 2023இல் அதை நிறுவினார்கள். ஆனால் கத்திக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் அந்தப் பெருமிதத்தைக் காண்பதற்கில்லை. முன்பு வரிசையாகக் கத்திக் கடைகள் இருந்த இடத்தில் இப்போது சிலவே எஞ்சியுள்ளன. 1990களில் மாநில அரசு நான்கரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை விதித்தது; தொழில் அதோடு தளர்ந்தது.

கடைக்காரர் ஒருவர் காட்டிய சந்தில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் தம் பட்டறையில் அமர்ந்திருந்தார். என் கத்தியை வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாபுஜி, இது யாருடையது?”

“என் தந்தையாருடையது, உஸ்தாத்.”

“அவருக்கும் முந்தியது. அலகில் மூன்றில் ஒரு பங்கு சாணையில் போயிருக்கிறது. ஒருவர் ஆயுளில் இவ்வளவு தேயாது.”

பழைய ஆணியைத் தட்டி வெளியேற்றினார். முதுகுப்புறத்து எஃகு வில்லைக் கழற்றித் துடைத்தார். பித்தளைக் கம்பியில் ஒரு துண்டு நறுக்கி, அரத்தால் ராவி, துளையில் செலுத்தி, இரு முனைகளையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பரப்பினார். ஒவ்வொரு தட்டுக்கும் அலகை ஒருமுறை விரித்து மடக்கிப் பார்த்தார். அதிகம் தட்டினால் இறுகிவிடும், குறைந்தால் ஆடும். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

கடைத்தெருவின் நிலைமையைக் கேட்டேன். “நான் செய்த கத்திகளில் பெரும்பாலானவை மாம்பழமும் முலாம்பழமும் நறுக்கின. அதைப் படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை” என்று சிரித்தார். “குத்துவதற்கு வாங்கியவன் கத்தி இப்படித் தேயாது, பாபுஜி. அது போலீஸ் அலமாரியில் துருப்பிடித்துக் கிடக்கும்.” அவருடைய மூத்த மகன் டில்லியில் தையல் வேலை செய்கிறானாம். ராம்பூர்க்காரன் என்றதும் வீட்டுக்காரர்கள் ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறார்களாம். ஊர்விட்டு ஊர் வந்து வாடகைக்கு வீடு தேடிய நமக்கு அந்தப் பார்வை புதிதன்று.

அவர் கேட்ட எண்பது ரூபாயைக் கொடுத்தேன். செல்லும் ஊரிலெல்லாம் அவ்வூர்க் கத்தி ஒன்று வாங்குவது என் வழக்கம். மீன் வடிவப் பித்தளைப் பிடியும் நான்கங்குல அலகும் உள்ள ஒன்றை அவரிடமே வாங்கினேன்.

வண்டிக்கு நேரமிருந்ததால் ரஜா நூலகத்துக்குச் சென்றேன். சுமார் 17,000 கையெழுத்துச் சுவடிகள் அங்கு உள்ளன. பனையோலைச் சுவடிகளும் உண்டு. அவற்றை நினைக்கையில் நம் மடக்கெழுத்தாணி நினைவுக்கு வந்தது. ஒரு புறம் ஓலையில் எழுத எழுத்தாணி, மறு புறம் ஓலை வாரக் கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும். கணக்கெழுதுகிறவன் கத்தி வைத்திருப்பது நம்மிடம் புதிய வழக்கமன்று என்று தேறினேன்.

ஸ்டேஷனிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். “அது உன் தாத்தாவுடையதுதான். கிராமத்துக் கணக்கு எழுதும்போது மடியில் வைத்திருப்பார். உன் அப்பாவும் அந்தத் திண்ணையிலிருந்துதான் எடுத்தார், உனக்குச் சொல்லவில்லையா?” என்றாள். அப்பா சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் அலகின் தேய்மானத்தைப் பார்த்துச் சொன்னார்.

ராம்பூர் செல்லும் அன்பர்கள் நூலகத்தையும் கடைத்தெருவையும் தவறாமல் காண்க. கத்தி வாங்கினால் சிறியதையே வாங்குக. விமானத்தில் கைப்பையில் அதற்கு இடமில்லை என்பதையும் நினைவில் கொள்க.

இரவு வீடு திரும்பியதும் என் பத்து வயது மகன் கத்தியைப் பார்க்க வேண்டுமென்று கை நீட்டினான். அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தேன். “பென்சிலைச் சீவிவிட்டு இங்கேயே வை. என் முறை இன்னும் முடியவில்லை” என்றேன்.