உல்லைக் கரையில் ஒரு பேரம்

இலங்கையின் கிழக்குக் கரை, அறுகம்குடா. ஆகஸ்ட் மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. பொத்துவில்காரர்கள் உல்லை என்று சொல்லும் இந்தக் கடற்கரைத் தெருவில் சர்ஃப் போர்டு வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. கூரையில் போர்டு கட்டிய ஆட்டோக்கள் வடக்கேயும் தெற்கேயும் பிரிந்து போகின்றன. தேநீர்க் கடை பெஞ்சில் நான். எதிர்க்கடை வாசலில் ஒரு பேரம். காசு பற்றியதல்ல, அலை பற்றியது.

பையன் சென்னைக்காரன், பேச்சே சொல்கிறது. கோவளத்தில் பழகியிருக்கிறானாம். இராப் பஸ்ஸில் வந்த கண்கள் சிவந்திருக்கின்றன. குட்டைப் போர்டு ஒன்றின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"மெயின் பாயின்ட் போகணும் அண்ணா. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். உப்பிலும் வெயிலிலும் தலைமுடி செம்பட்டையாகிவிட்டது. அவர் போர்டைப் பார்க்கவில்லை, பையனின் தோளைப் பார்க்கிறார்.

"போகலாம் தம்பி. முதல்ல ஒண்டு சொல்லுங்க. அலை உடைய முந்தியே எழும்பி, வலப்பக்கம் திருப்பி ஓடுவீங்களா? இல்ல, நுரை தள்ளத் தள்ள நேரா கரைக்கு வாறதா?"

பையன் சற்றுத் தயங்குகிறான். "பெரும்பாலும் நுரைதான்."

சர்ஃபுக்காக ஊர் தேர்ந்தெடுக்கிற எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டியது.

பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தால் தெற்கே மெயின் பாயின்ட் முனை தெரிகிறது. எங்கோ தென்கடலில் எழுந்த அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து, பாறைத் தரைமேல் ஒரே பக்கமாக உடைந்துகொண்டே வருகிறது. 2019 இல் உலக சர்ஃப் லீக் போட்டி நடந்த இடம். எல்லோரும் ஒரே புள்ளியில் காத்திருக்கிறார்கள். உடையும் முகட்டுக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். திருப்பத் தெரியாதவர் அங்கே விழுந்தால், பின்னால் வருபவரின் பாதையில் விழுவார். காயம் அவருக்கு மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம்.

விசாரிப்பவர்கள் பெரும்பாலும் அலை எவ்வளவு உயரம் என்றே கேட்கிறார்கள். நான் தரையைத்தான் கேட்கச் சொல்வேன். தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடைகிறது. மணல் தரை மெல்ல மெல்ல மேடேறினால் அலையும் மெல்லச் சரிந்து நுரையாகிறது. கற்பவர் விழலாம், எழலாம். பாறை திடீரென்று உயர்ந்தால் அதே அலை செங்குத்தாக எழுந்து ஆளைத் தூக்கி வீசுகிறது. கீழே பாறையும் கடல் முள்ளெலியும். அதோ, வாடகைப் போர்டைத் திருப்பிக் கொடுக்க நொண்டிக்கொண்டே வருகிறாள் ஒரு வெள்ளைக்காரப் பெண், பாதத்தில் கட்டு.

பையனும் அவள் காலைப் பார்க்கிறான். கடைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டுகிறார். மெயின் பாயின்ட்டுக்கு உள்ளே, குடாவின் மறைவில் பேபி பாயின்ட். அலை சிறிது, கற்பவர் கூட்டம் பெரிது. வடக்கே விஸ்கி பாயின்ட், அதற்கும் அப்பால் பொத்துவில் பாயின்ட். தெற்கே பீநட் ஃபார்ம். இன்னும் தெற்கே போனால் முருகன் கோயில் இருக்கும் உகந்தை. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காட்டுக்குள் நுழைகிற இடம். எல்லாம் ஆட்டோ போகும் தூரம். இந்த ஊரின் பெரிய வசதியே அதுதான். கணவன் மெயின் பாயின்ட்டிலும் மனைவி பேபி பாயின்ட்டிலுமாக இருந்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு ஒரே மேசைக்கு வந்துவிடுகிறார்கள்.

"ஜனவரியில கேட்டிருந்தா நான் உங்கள வெலிகமவுக்குத்தான் அனுப்பியிருப்பன்" என்கிறார்.

உண்மை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நிலத்தைக் கடந்து வந்து கடலை நோக்கி வீசுவதால், கிழக்குக் கரையில் அலையின் முகம் கலையாமல் நிற்கிறது. அதே காற்று தெற்குக் கரையில் கடலிலிருந்து வந்து அலையைக் குலைத்துவிடும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எல்லாம் தலைகீழ். அப்போது தெற்குக் கரையிலுள்ள வெலிகமவின் மணல் குடா, முதல்முறை போர்டில் ஏறுகிறவருக்கு இலங்கையிலேயே நல்ல இடம்.

குட்டைப் போர்டு உள்ளே போகிறது. மென்மையான, நீண்ட ஃபோம் போர்டு ஒன்று வெளியே வருகிறது. பையன் முகம் வாடித்தான் இருக்கிறது.

"விஸ்கி பாயின்ட். மணல் கூட. நாலு நாள் திரும்பிப் பழகுங்க, பிறகு நானே மெயின் பாயின்ட் கூட்டிப் போறன்" என்று அவன் தோளில் தட்டுகிறார்.

ஆட்டோ வடக்கே திரும்புகிறது. மதியக் காற்று எழுவதற்குள் அவனுக்கு நல்ல நேரம் கிடைக்கும்.

நீங்கள் ஊர் தேடும்போது, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம், அலை உடையும் இடத்தில் மணலா பாறையா என்று முதலில் விசாரியுங்கள். போய்ச் சேர்ந்ததும், உங்களால் என்ன முடியும் என்பதை அந்தக் கரைக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.