தண்டத்தின் சாய்வு

வன்னிப் பெருநிலப்பரப்பிலே கோல்ப் திடல் எதுவும் இல்லை. கொழும்பில் 1879 இல் தோன்றிய கோல்ப் சங்கமும் மலைநாட்டின் நுவரெலியாத் திடலும் துரைமார் தமக்கென வகுத்துக்கொண்டவை. குளமும் வயலும் காடுமாய்க் கிடந்த வன்னியில் அவர்கள் பந்தடிக்க எண்ணவில்லை. எனினும் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள கிராமமொன்றில், காலபோக அறுவடை முடிந்த மாசி மாதத்திலே, கோல்ப் தண்டங்கள் இரண்டைப் பற்றி முதியவரும் சிறுவரும் சில நாட்கள் வாதிட்டனர்.

அவற்றைக் கொணர்ந்தவர் அவ்வூரிற் பிறந்து ரொறன்ரோவிற் குடியேறியவர். ஐம்பது வயதைக் கடந்தபின் விளையாட்டைத் தொடங்கியவர். அவரோடு தொழில்செய்யும் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் ஸ்காபரோவிலுள்ள டாம் ஓஷான்ரர் திடலுக்குச் செல்வர். அவர்களுள் ஒருவராய் நிற்க அவருக்கும் ஆசை. பனிக்காலத்தில் அங்கு திடல்கள் மூடப்பட்டுவிடும். ஆகவே நண்பரொருவர் விற்க முன்வந்த பழைய தண்டங்கள் இரண்டையும் பரீட்சிக்கவென ஊருக்கே எடுத்து வந்துவிட்டார். ஒன்றைத்தான் வாங்கலாம், மிகுதிக் காசு தாயாரின் வீட்டுக் கூரைக்கு.

இரண்டும் ஹைபிரிட் வகையின. நீண்ட இரும்புத் தண்டத்தின் மெல்லிய தலைக்குப் பதிலாக, பின்புறம் பருத்து, பாரம் தாழ அமைந்த தலையுடையவை. பந்தை எளிதில் மேலெழுப்புவதால் இவை கற்பவர்க்கு இலகுவானவை என்பர். அதே இலக்கமுள்ள இரும்புத் தண்டத்தோடு ஒப்பிடும்போது அது மெய்யே. ஆனால் இவ்விரண்டனுள் ஒன்றின் முகச்சாய்வு 17 பாகை. மற்றையதன் சாய்வு 25 பாகை. இடையிலுள்ள எட்டுப் பாகைதான் வழக்கு.

சாய்வு குறையக் குறையப் பந்து நெடுந்தூரம் செல்லும் என்பது விரைந்து வீசுவோர்க்குரிய கணக்கு. மெதுவாக வீசுபவரின் பந்து உயருமுன்னரே இறங்கிவிடும். குறைந்த சாய்வுள்ள தண்டம் சற்று நீளமும் ஆதலின், தலையின் நடுவிலே பந்தைச் சந்திப்பது அரிது. முகம் சிறிது கோணினாலும் பந்து பக்கவாட்டிற் சுழன்று விலகும். காற்றுக்கெதிரே தாழ அடிக்கவும், கிளைகளுக்குக் கீழாற் செலுத்தவும் 17 பாகை உகந்ததே. ஆயின் அது கை பழகியவர்க்கு. இவற்றை அவர் அறியாதவரல்லர். இளைஞர்கள் கையிலிருந்தது 17 பாகை. அதுவே அவர் மனத்தையும் பிடித்திருந்தது.

அறுவடை இயந்திரம் ஓடி இறுகிய தரையிலே அவர் அதனை வீசினார். பந்தின் உச்சியில் அடி விழ, அது முயலைப்போல் ஓடிற்று. சிறுவர் கைதட்டினர். தண்டம் தெரிவாகிவிட்டதென்றே எல்லோரும் நினைத்தனர், வரம்பில் இருந்த அவருடைய பெரியப்பாவைத் தவிர.

“விழுந்த இடத்தைப் பார், தம்பி. உருண்டதெல்லாம் தரையின்ர வேலை.”

கோல்பைக் கண்டறியாத கிழவர் இவ்வளவு கண்டுகொண்டது வியப்பன்று. கிட்டியடித்துப் பழகியவர் அவர். “முனை சீவாத புள்ளு எவ்வளவு அடிச்சாலும் எழும்பாது,” என்றார். சாய்வு செய்யவேண்டிய வேலையைக் கை செய்ய முற்படும்போது, உடல் பின்னே சரிந்து, தண்டம் பந்துக்கு முன்பாகவே மண்ணை அகழ்கிறது. புல்லடர்ந்த வாய்க்காற்கரைக்குப் போனதும் நடந்தது அதுவே. அங்கே 17 பாகையின் பந்துகள் சில முழங்கால் உயரமும் எழாது புல்லிற் புதைந்தன. ஒன்று வலப்புறம் விலகிப் பற்றைக்குள் மறைந்தது. தேட ஓடிய சிறுவர்களைப் பெரியப்பா அதட்டி நிறுத்தினார். மிதிவெடி அகற்றப்பட்ட நிலமாயினும், 2009 இற்குப் பின் மீளக் குடியேறிய அவ்வூரார் மனிதர் நடவாத பற்றைக்குள் இன்றும் காலெடுத்து வைப்பதில்லை.

25 பாகையின் பந்துகள் எல்லாம் நேரே போகவில்லை. ஆனாற் பத்தில் ஆறு வாய்க்காலைத் தாண்டி அப்பால் விழுந்தன.

மறுநாட் காலையிலும் அவர் முதலில் எடுத்தது 17 பாகையைத்தான். மதியம்வரை அதனோடு போராடினார். பின் ரொறன்ரோவிலிருந்த நண்பருக்குத் தொலைபேசி எடுத்து, அதனை வேறெவருக்கேனும் விற்கலாமென்று சொன்னார்.