கட்டிலும் மொழியும்

தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் முதியவர் ஒருவர் நோயில் விழுந்துவிட்டால், லயத்தில் உள்ளவர்கள் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பார்கள். "எந்த ஆஸ்பத்திரி?" என்பது ஒன்று. "கூட யார் போறது?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியிலேதான் தலைமுறைகளின் அனுபவம் அடங்கியிருக்கிறது. கட்டில் கிடைக்கும், மருந்தும் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அங்கே நோயாளிக்காகப் பேச ஒரு வாய் வேண்டும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவுக்கு அந்த வாயாக நான் போக நேர்ந்தது. எழுபது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு நாட் காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாமற் போய்விட்டார். மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிகளை இரண்டு மூன்று நாட்களே வைத்துப் பார்க்கும் வார்ட்டில் அவரை நிறுத்தினார்கள். கட்டில்களில் பெரும்பாலும் முதியவர்களே இருந்தார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதை எட்டியிருந்தார்கள். ஆகவே நான் கண்டதை நாளை நம்மில் பலரும் காணத்தான் போகிறோம்.

இத்தகைய வார்ட்டின் வேலை என்ன? இரத்தம், சிறுநீர், நெஞ்சு, இருதயம் ஆகியவற்றைச் சோதித்து, உடலில் வற்றிய நீரை ஏற்றி, நோயாளி வீடு திரும்பலாமா, வேறு வார்ட்டுக்கு மாற வேண்டுமா என்று விரைவில் தீர்மானிப்பதே. நோயைப் பற்றி மட்டும் அங்கே கேட்பதில்லை. "போன வாரம் நடந்தாரா? தானே குளித்தாரா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார்?" என்றும் கேட்பார்கள். இதெல்லாம் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். முதிய உடலில் நோய் தன் சொந்த முகத்தோடு வருவதில்லை. நுரையீரற் காய்ச்சல் இருமலின்றி வரும். மாரடைப்பு நெஞ்சு வலியின்றி வரும். சிறுநீர்த் தொற்று பிதற்றலாக வெளிப்படும். நேற்றைய மனிதருக்கும் இன்றைய மனிதருக்கும் உள்ள வேறுபாடே அங்கு முதல் அறிகுறி. கிளினிக் புத்தகம், மாத்திரைப் பொட்டலங்கள், மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை மறவாமற் கொண்டுபோக வேண்டும் என்பது இதனாலேதான்.

நோயாளியைப் படுக்கவிடாமல் நாற்காலியில் உட்கார்த்துவதைப் பார்த்துச் சிலர் கோபிக்கிறார்கள். சில நாள் படுக்கையே ஒரு முதியவரின் நடையைப் பறித்துவிடப் போதும். இந்த உண்மையை உலகுக்கு உரத்துச் சொன்னவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் டாக்டர் மார்ஜரி வாரன். 1935ஆம் ஆண்டில், வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியை ஏற்றபோது, 714 பேர் அவர் பொறுப்பில் வந்தார்கள். தீராத நோயாளிகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஏழைகள் அவர்கள். அவர் ஒவ்வொருவரையும் சோதித்தார், எழுப்பினார், நடக்கப் பழக்கினார். பலர் படுக்கையை விட்டு வெளியேறினார்கள். முதுமையின் பெயரால் மூடப்பட்ட கதவுகளில் பல, உண்மையில் ஏழ்மையின் பெயரால் மூடப்பட்டவை என்பதை அந்த வார்ட் காட்டிற்று.

எங்கள் கதவு வேறு விதமாக மூடியிருந்தது. முதியவரின் அறிவு தெளிவாக இருக்கிறதா என்று அறிய, "இன்று என்ன நாள்? இது எந்த இடம்?" என்பன போன்ற கேள்விகளைக் கேட்பது வழக்கம். பெண்கள் வார்ட்டாகையால் நான் வெளியே நின்றிருந்தேன். கேள்விகள் சிங்களத்தில் கேட்கப்பட்டன. பெரியம்மா பேசாமல் இருந்தார். அவர் குழம்பியிருக்கிறார் என்று டிக்கட்டில் எழுதப்பட்டது.

பார்வை நேரத்தில் இதை எனக்குச் சொன்னவர், அந்த வார்ட்டில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பெண் சிற்றூழியர். தோட்டத்தை அடுத்த கிராமத்தில் வளர்ந்தவர். எங்கள் பேச்சை அறிந்தவர். டாக்டரை அழைத்து வந்து, அதே கேள்விகளைத் தாமே தமிழிற் கேட்டார். "ஆச்சி, இன்னிக்கு என்ன நாளு?"

"பத்தாந் தேதி. மகளுக்குச் சம்பள நாளு. இதுகூடத் தெரியாதா எனக்கு?"

அன்று மாலையே டிக்கட்டில் அச்சொல் அடிக்கப்பட்டது.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமன்று. தெளிந்தவரைக் குழம்பியவர் என்று கொண்டால், அவருடைய வலியை யாரும் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே குழம்பியவரை மொழி தெரியாதவர் என்று கொண்டால், உயிருக்கு உலை வைக்கும் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும். இராப் பகல் உழைத்த அந்த இளம் டாக்டரை நான் குறை கூறமாட்டேன். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிற்று. 1987ஆம் ஆண்டில், பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்து கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து சேர ஒரு மொழிக்கு எத்தனை காலம் வேண்டும்?

அந்தக் கட்டில் பிச்சையாகக் கிடைத்ததன்று. இந்நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் 1951ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதற்கு வேண்டிய செல்வத்தில் பெரும் பங்கு தேயிலையிலிருந்து வந்தது. 1867ஆம் ஆண்டில் இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் வர்த்தகப் பயிராகத் தொடங்கிய தேயிலை அது. அதைப் பறித்தவர்களையே 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே பங்கு போட்டது. பெரியம்மாவின் தங்கை கப்பலேறினார். பெரியம்மா இங்கேயே இருந்தார். இரண்டு பேருடைய கைகளும் சேர்ந்துதான் அந்தக் கட்டிலை வாங்கியிருக்கின்றன.

மூன்றாம் நாள் துண்டு வெட்டினார்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள், மாத்திரைகள், கிளினிக் தேதி. "தினமும் நடக்க வேண்டும்" என்றார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் லயத்துக் காம்பராவுக்கு முன்னால் செங்குத்தான படிகள், கக்கூஸ் தொலைவில். கையைப் பிடித்து நடத்த வேண்டிய மகளோ மலையிற் கொழுந்து பறிக்கிறாள். ஒரு நாள் நின்றாள் என்றால் ஒரு நாட் சம்பளம் போயிற்று. குறுகிய கால வார்ட் தன் வேலையை முடித்தபின், மிச்ச வைத்தியம் முழுவதும் ஒரு தொழிலாளியின் கூலியில் வந்து விழுகிறது.

ஆகவே துண்டைப் பெறும்போதே கேட்டுவிட வேண்டும்: எந்தப் பழைய மாத்திரை நிறுத்தப்பட்டது, எது புதியது, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. ஆனால் பிள்ளைகளின் தயவில் அரசாங்கம் தன் கடமையைக் கழித்துவிட முடியாது. வார்ட்டில் இரு மொழியும் தெரிந்த ஊழியர், துண்டில் நோயாளியின் மொழி, லயத்தருகே தாதியின் வருகை ஆகியவற்றை ஆசிரியர் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டும்.

"ஆச்சி" என்ற சொல் சிங்களத்திலும் பாட்டியையே குறிக்கும். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் அந்தச் சிற்றூழியப் பெண் தொடங்கினார். மொழிபெயர்ப்பு அவருடைய வேலையன்று. அதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவுமில்லை. அது யாருடைய வேலை என்று நாம் கேட்க வேண்டும்.