இவரின்ர தம்பியும் அவன்ர நிமிசமும்

கொக்குவில்

என்ரை அன்புத் தோழிக்கு,

நேரா விசயத்துக்கு வாறன். இவரின்ர தம்பி இந்த முறையும் பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டிப்போட்டான்! மாமி கொட்டை பொறுக்கி, அடுக்கி, மண் மூடி, மூண்டு மாதம் பாத்திருப்பம் எண்டு விட்டது. இவன் இடையில நாலைஞ்சை இழுத்து, கத்தியால பிளந்து கொட்டைக்குள்ள இருக்கிற பூரானைத் தின்னுறான். கிழங்கு எலிவால் அளவுக்குத்தான் இறங்கியிருக்கு. மாமி விளக்குமாத்தோட நிண்ட கோலத்தை நீ பாத்திருக்க வேணும்.

முந்தியெண்டால் நானும் சேர்ந்து ஏசியிருப்பன். இப்ப கொஞ்சம் பாவமாக் கிடக்கு. மார்க் விட்மன், மார்ட்டின் போலுஸ் எண்டு ரெண்டு ஆய்வாளர் 2008இல எழுதினதைப் படிச்சன். அந்தரக்காரருக்கு நேரம் எங்களை விட நீளமாத் தெரியுமாம். எங்களுக்குப் பத்து நிமிசமெண்டால் அவைக்குக் கால் மணித்தியாலம் போல. அப்ப காத்திருக்கிறது அவைக்கு விலை கூடின அலுவல்தானே? கையில இருக்கிறதை இப்பவே எடுக்கத்தான் பாப்பினம். நெத்திக்குப் பின்னால, கண்ணுக்கு மேல இருக்கிற மூளைப் பகுதி சேதப்பட்ட ஆக்களை இங்கிலாந்தில சோதிச்சு 2004இல எழுதியிருக்கினம். அவைக்கு அந்தரமும் கூட, உள் மணிக்கூடும் வேகமாம். எல்லா ஆய்விலயும் இது ஒரேமாதிரி வரேல்லை, அதையும் சொல்லவேணும்.

நான் சும்மா இருப்பனோ? ஞாயித்துக்கிழமை எல்லாரையும் விறாந்தையில இருத்தி, "கண்ணை மூடுங்கோ, ஒரு நிமிசம் முடிஞ்சதும் சொல்லுங்கோ" எண்டன். தம்பியார் முக்கால் நிமிசம் ஆகமுதலே "முடிஞ்சுது!" மாமியைத் தட்டி எழுப்ப வேண்டி வந்துது.

ஆனா ஒரு புதினம் கேள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் இந்தப் பெடியன் வெறும் மேலோட, சுடுமணலில அசையாமல் நிப்பான். அங்க நேரமெண்டால் நேரம், சொன்ன மணிக்கு முருகன் வெளிய வருவார் எண்டு அவனுக்குத் தெரியும். அமெரிக்காவில ரொச்செஸ்டரில சின்னப் பிள்ளையளை வைச்சுச் செய்து 2013இல வெளியிட்ட சோதனையும் இதைத்தான் சொல்லுது. "நல்ல சாமான் கொண்டு வாறன்" எண்டு சொல்லி, சொன்னபடி கொண்டுவந்த ஆளை நம்பி, அடுத்ததா வைச்ச மாஷ்மலோ இனிப்பைத் தொடாமல் பிள்ளையள் சராசரி 12 நிமிசம் இருந்ததுகளாம். ஏமாத்தின ஆளெண்டால் 3 நிமிசம்தான்.

இவன் வளர்ந்த காலத்தை யோசிச்சுப் பார். சண்டையால 1990இல நிண்ட யாழ்தேவி ரயில் "வரும், வரும்" எண்டு 2014இலதான் யாழ்ப்பாணம் வந்துது. மணிக்கூட்டையாவது நம்பலாமெண்டால், 1996இல மின்சாரம் மிச்சம் பிடிக்க அரசாங்கம் அதை ஒரு மணித்தியாலம் தள்ளி, அதே வருசம் அரை மணித்தியாலம் திருப்பி இழுத்துது. வன்னியில பழைய நேரம், இஞ்ச புது நேரம். ஒரு நாட்டுக்குள்ள ரெண்டு நேரம், 2006 வரைக்கும்!

எல்லாத்தையும் சண்டையில போடவும் எனக்கு மனமில்லை. இவரும் அதே வீட்டில, அதே மண்ணெண்ணெய் வரிசையில வளர்ந்தவர்தான். சீதனக் கதை முடியுமட்டும் வாய் திறக்காமல் இருந்த மனுசன். (பொறுமையோ பயமோ, அது வேற கதை.) தம்பியாருக்குப் பிறவியிலயே ஏதோ வேகமா ஓடுது.

இப்ப முக்கிய விசயம். உங்க ஸ்காபரோவில ஒரு பெட்டையின்ர சாதகம் வந்திருக்கு. படத்தைப் பாத்து, தேத்தண்ணி ஆறமுதல் அவன் ஓமெண்டு சொல்லிப்போட்டான். ஸ்பொன்சர் அலுவல் எவ்வளவு காலம் இழுக்குமெண்டு நாங்கள் ஒருத்தரும் இன்னும் வாய் திறக்கேல்லை. விலாசம் மற்றப் பக்கத்தில எழுதியிருக்கிறன். படிப்பு, நிறம் எல்லாம் மாமி விசாரிச்சிட்டா. நீ ஒண்டை மட்டும் விசாரி: எட்டு மணிக்குப் போன் எடுக்கிறன் எண்டால் எட்டு மணிக்கே எடுக்கிற பிள்ளையோ? கெதியா எழுது, அவன் இப்பவே தபால்காரனைப் பாத்துப் படலையில நிக்கிறான்.

அன்புடன்,
உன்ர கொக்குவில்காரி